பனித்தரை மேல் பழைய பாட்டு

அமெரிக்காவின் நடுத்தர நகரங்களில் குளிர்காலத்தில் ராக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு, அரங்கு எப்படிப்பட்டது என்பது முதலில் காலில்தான் தெரியும். மேடைக்கு முன்னால், நாற்காலி போடாத தரையில் நின்றால் ஷூவின் அடி வழியாக மெல்லக் குளிர் ஏறும். அரங்கு பனி ஹாக்கிக்காகக் கட்டப்பட்டது. ஆட்டப் பருவம் நடக்கும்போது பனியை உருக்கி எடுத்து மறுபடி உறைய வைப்பது பெரிய வேலை. அதனால் பனியின் மேல் வெப்பம் கடத்தாத பலகைகளைப் பரப்பி மூடி, அதற்கு மேல் ரசிகர்களை நிறுத்துகிறார்கள். கூட்டம் சேர்ந்து நெருக்கியடித்து, முதலில் பாடும் குழுவின் நாலாவது பாட்டு வருவதற்குள் குளிர் மறந்துபோகும். மறுநாள் பலகைகளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஹாக்கி ஆடுவார்கள்.

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடிவரும் போஸ்ட் கிரஞ்ச் குழுக்களைக் கேட்க இப்படிப்பட்ட தரையில் பலமுறை நின்றிருக்கிறேன். விமரிசகர்கள் இந்தக் கச்சேரிகளைப் பற்றி எழுதுவது அரிது. எழுதினாலும், பழைய நினைவை விற்கும் வியாபாரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கச்சேரிக்குப் போகிறவர்களோ எந்தக் குறையையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டு தரப்போடும் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த வழக்கத்துக்கு மெய்யான பலம் ஒன்று இருக்கிறது. அந்தப் பலத்தையே நம்பி உட்கார்ந்துவிட்ட சோம்பலும் இருக்கிறது.

போஸ்ட் கிரஞ்ச் என்ற பெயரே ஒரு வசையாகத்தான் தொடங்கியது. 1991 செப்டம்பரில் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ தொகுப்பு வந்ததும் கிரஞ்ச் என்ற சியாட்டில் நகரத்தின் ஒலி உலகமெங்கும் பரவியது. 1994 ஏப்ரலில் அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்தார். அடுத்து வந்த குழுக்கள் அந்த ஒலியின் கரடுமுரடுகளை இழைத்து எடுத்து, வானொலிக்கு வாகாக ஆக்கிக்கொண்டன என்பது அன்றைய குற்றச்சாட்டு. அதில் பாதி உண்மை. தந்தியைத் தளர்த்திக் கீழிறக்கிய கிட்டார், அடக்கிப் பாடும் சரணம், வெடித்துத் திறக்கும் பல்லவி, நெஞ்சிலிருந்து வரும் கனத்த ஆண்குரல் என்று ஒரு வாய்ப்பாடே உருவானது. அது வானொலிக்கு மிகவும் பிடித்துப்போனது. 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுவதும் ஒரு நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஏறத்தாழ 1,200 நிலையங்கள் சேர்ந்தன. பிறகென்ன, ஒரு ஊரில் காலையில் ஒலித்த பாட்டு எல்லா ஊரிலும் காலையில் ஒலித்தது. அதே நிறுவனம் 2000-ல் எஸ்எஃப்எக்ஸ் என்ற கச்சேரி நிறுவனத்தையும் வாங்கியது. அந்தக் கச்சேரிப் பிரிவுதான் 2005-ல் தனியே பிரிந்து லைவ் நேஷன் ஆனது. பாட்டை ஒலிபரப்பியவரும் பாடியவரை மேடை ஏற்றியவரும் சில காலம் ஒரே முதலாளி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இன்று நாம் பார்க்கும் பல காரியங்களுக்குக் காரணம் விளங்கும்.

ஆனால் வசை சொன்னவர்கள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. லைவ் குழு பென்சில்வேனியாவின் யார்க் நகரத்தில் பிறந்தது. கலெக்டிவ் சோல் ஜார்ஜியாவின் ஸ்டாக்பிரிட்ஜிலிருந்து வந்தது. கிரீட் டலஹாசியில் தொடங்கியது, ஸ்டெய்ன்ட் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கியது. த்ரீ டோர்ஸ் டவுன் குழுவின் ஊர் மிசிசிப்பியின் எஸ்கடாவ்பா. அதை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிக்கல்பேக் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஹானா என்ற சிற்றூரிலிருந்து கிளம்பியது. பத்திரிகை அலுவலகங்களும் இசை விமரிசகர்களும் இருந்த நகரங்கள் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆலை மூடிய ஊர், நெடுஞ்சாலை கடந்துபோகும் ஊர், கல்லூரி ஊர் என்று நாட்டின் நடுத்தட்டிலிருந்து எழுந்த இசை இது. ஆகவே இத்தகைய குழுவை நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ பார்ப்பதும், எட்டாயிரம் பத்தாயிரம் பேர் கொள்ளும் ஒரு நடுத்தர நகர அரங்கில் பார்ப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் பாட்டு தன் சொந்த ஊரில் நிற்கிறது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது வில்க்ஸ்-பாரி நகரத்தையும் அங்கே பிறந்த பிரேக்கிங் பெஞ்சமின் குழுவையும்தான். வடகிழக்குப் பென்சில்வேனியாவில், சஸ்குவஹானா ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. நகரத்தின் மக்கள்தொகை 45,000-க்கும் குறைவு. பக்கத்து ஸ்க்ரான்டனையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் 5 லட்சத்தைத் தாண்டும். ஒருகாலத்தில் உயர்ரக நிலக்கரியால் வாழ்ந்த பள்ளத்தாக்கு. 1959 ஜனவரியில் ஆற்றுக்கு மிக அருகே வெட்டிய நாக்ஸ் சுரங்கத்துக்குள் ஆறு உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 12 பேர் இறந்தார்கள். அங்கே ஆழ்சுரங்கத் தொழில் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம். 1972-ல் ஆக்னஸ் புயலின் வெள்ளம் ஊரையே மூழ்கடித்தது. 1999-ல் நகரத்தை ஒட்டிய பகுதியில், 81-ஆம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு ஹாக்கி அரங்கு திறந்தது. அதற்கு முதலில் வைத்த பெயர் ஒரு வங்கியின் பெயர். அந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்ததும் பெயர் மாறியது. பிறகு ஒரு சூதாட்ட விடுதியின் பெயர் வந்தது. நிலக்கரி போன ஊரின் பொருளாதாரத்தை அந்தப் பெயர்ப்பலகையில் படித்துவிடலாம்.

அதே 1999-ல்தான் பெஞ்சமின் பர்ன்லி அந்த ஊரில் தம் குழுவைத் தொடங்கினார். 2002-ல் முதல் தொகுப்பு ‘சாச்சுரேட்’ வந்தது. 2004-ல் வந்த இரண்டாவது தொகுப்பில் சில பாடல்களை ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழுவின் பில்லி கோர்கன் உடன் இருந்து எழுதினார். 2006-ல் ‘ஃபோபியா’ வந்தபோது குழு நாடறிந்ததாகிவிட்டது. ‘தி டைரி ஆஃப் ஜேன்’ அந்தத் தொகுப்பில் இருப்பதுதான்.

‘ஃபோபியா’ என்ற தலைப்பு சும்மா வைத்ததல்ல. பர்ன்லிக்கு விமானத்தில் பறக்க அச்சம். தொகுப்பின் அட்டையில் விமான ஓடுபாதைக்கு மேலே சிறகு முளைத்த மனிதன் ஒருவன் தொங்குகிறான்; தொடக்கத்திலும் முடிவிலும் விமானப் பயணத்தின் ஓசைகளைச் சேர்த்திருக்கிறார்கள். பாடகர் பறக்காததால் இந்தக் குழு வெளிநாடு போவது மிக அரிது. பேருந்தில் போகக்கூடிய இடமே அவர்களுடைய உலகம். பேருந்தில் ஊர் ஊராகப் போகும் குழுவால் பெருநகரத்திலிருந்து பெருநகரத்துக்குத் தாவ முடியாது. ஒரு பெருநகரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மூன்று இரவுகள் இருக்கும். அந்த இரவுகளில் பாடாவிட்டால் லாரி வாடகை, பேருந்து, தொழிலாளர் சம்பளம் எல்லாம் கைக்காசு. எனவே செவ்வாயும் புதனும் டி மாய்ன், டொலீடோ, கிராண்ட் ராபிட்ஸ் போன்ற ஊர்களுக்கு வந்து சேர்கின்றன. பர்ன்லியின் அச்சம் அவர் குழுவுக்கு விதித்த பாதை, ஏறத்தாழ இந்த வகைக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் வருமானம் விதித்த பாதையாகிவிட்டது. குறுந்தட்டு விற்று வாழ்ந்த காலம் போனபின் மேடைதான் இவர்களுக்குச் சோறு போடுகிறது.

இந்த ஏற்பாட்டின் பலத்தை ஒரு சட்டையில் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு மனிதர், ஐம்பதை நெருங்கும் வயது, வெளுத்த கறுப்புச் சட்டை போட்டிருந்தார். முதுகில் பழைய சுற்றுப்பயணத்தின் ஊர்ப்பட்டியல் சிறிய எழுத்தில் இருந்தது. பல தடவை துவைத்ததில் பாதி ஊர்கள் அழிந்துவிட்டன. பட்டியலின் நடுவில் ஒரே ஒரு வரியின் மேல் யாரோ வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். அது அவருடைய ஊர், நாங்கள் நின்றுகொண்டிருந்த ஊர். அச்சு அழிய ஆரம்பித்ததும் எழுத்தின் மேலேயே அவர் மனைவி தைத்துக் கொடுத்தாராம். அட்லாண்டாவுக்கும் டல்லாஸுக்கும் நடுவில் தன் ஊரின் பெயர் அச்சாகியிருந்தது அவருக்கு அவ்வளவு முக்கியம். பெருநகரத்தில் வாரத்துக்கு நூறு கச்சேரி. அங்கே எந்த ரசிகரும் இப்படிச் சட்டையைத் தைத்துப் போட்டுக்கொள்ளமாட்டார்.

அந்த அன்பு கூட்டத்தின் பாட்டிலும் தெரியும். பல்லவி வரும்போது பாடகர் ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவது பழைய உத்திதான். ஆனால் ஆறாயிரம் பேர், முக்கால்வாசி ஆண்கள், வேலைக்களைப்போடு வந்தவர்கள், வலியையும் குற்றவுணர்வையும் பற்றிய வரிகளை வாய்விட்டுப் பாடுவதைக் கேட்டால் அதை உத்தி என்று ஒதுக்க மனம் வராது. வெளியே இவர்கள் யாரிடமும் சொல்லாத சொற்கள் அவை. ஷைன்டவுன் குழுவின் பிரெண்ட் ஸ்மித் பாட்டுக்கு நடுவே நிறுத்தி, பக்கத்தில் நிற்பவரோடு கைகுலுக்கச் சொல்வார். பெருநகரத்தில் அது அந்நியரோடு கைகுலுக்குவது. நடுத்தர ஊரில் பக்கத்தில் நிற்பவர் உங்கள் பிள்ளையின் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவராக இருக்கலாம்.

இன்னொரு பலத்தைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள். நான் அதைத் தயங்காமல் முதலிடத்தில் வைப்பேன். இந்த இசையின் மூத்த தலைமுறை பாதியில் போய்விட்டது. ஆலிஸ் இன் செயின்ஸின் லேன் ஸ்டேலி 2002-ல் இறந்தார். ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸில் பாடிய ஸ்காட் வைலண்ட் 2015 டிசம்பரில், மினசோட்டாவின் புளூமிங்டனில் நின்றிருந்த சுற்றுப்பயணப் பேருந்திலேயே உயிரை விட்டார். சவுண்ட்கார்டனின் கிறிஸ் கார்னெல் 2017 மே மாதம் டெட்ராய்ட்டில் கச்சேரி முடிந்த இரவில் இறந்தார். இவர்களைக் கேட்டு வளர்ந்த பாடகர் ஒருவர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியும் குடியை விட்டுவிட்டுத் தெளிவோடு மேடையில் நிற்பது சாதாரணக் காரியமல்ல. பர்ன்லி குடியை விட்டபின் எழுதிய முதல் தொகுப்பு 2009-ல் வந்த ‘டியர் அகோனி’. அடுத்த ஆண்டே அவருடைய நோயால் குழு ஓய்வுக்குப் போனது. 2014 வரை மேடை இல்லை. 2015-ல் ‘டார்க் பிஃபோர் டான்’ வந்து பில்போர்டு தொகுப்புப் பட்டியலில் முதலிடத்தில் அமர்ந்தது. போதை மருந்துக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கில், அந்த மனிதர் திரும்பி வந்து ‘டியர் அகோனி’யைப் பாடும்போது எழும் ஒலியைப் பழைய நினைவு வியாபாரம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

பலம் இவ்வளவு இருப்பதால்தான் குறைகளைக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய குறை, பாட்டுப் பட்டியல். நீண்டகாலக் குழுக்கள் பலவும் ஒரு சுற்றுப்பயணம் முழுவதும் ஒரே பட்டியலை ஒரே வரிசையில் பாடுகின்றன. முதல் ஊரின் பட்டியலைப் படித்துவிட்டால் முப்பதாவது ஊரில் அடுத்த பாட்டு என்ன என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். காரணம் வெறும் சோம்பல் மட்டும் அல்ல என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். டிரம் கலைஞரின் காதுக்குள் தாளக் கணக்கு டிக் டிக்கென்று ஓடுகிறது. அதோடு கணினியிலிருந்து ஒலிகள் கலக்கின்றன. விளக்கும் திரைக்காட்சியும் அதே கணக்கில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பாட்டை மாற்றினால் மூன்று மேசைகளில் மாற்ற வேண்டும். ஒரே சீட்டுக்கு மூன்று நான்கு குழுக்கள் பாடும் ஏற்பாட்டில் தலைமைக் குழுவுக்கே ஒன்றேகால் மணி நேரம்தான். அந்த நேரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டை விட்டுவிட்டு அரிய பாட்டைப் பாடினால், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஊரில் ரசிகர் ஏமாந்து போவார். இதெல்லாம் சரிதான்.

ஆனால் இதே வேரிலிருந்து வளர்ந்த பேர்ல் ஜாம் இரவுக்கு இரவு பட்டியலை மாற்றிப் பாடுகிறது. 2000-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் பாடிய கச்சேரிகளை ஊர் வாரியாக 72 தொகுப்புகளாகவே அவர்கள் வெளியிட்டார்கள். ஒவ்வொரு ஊரின் இரவும் வேறு என்பதை விற்பனைப் பொருளாக்கவே அவர்களால் முடிந்தது. அவர்களிடம் பணமும் பேரும் அதிகம் என்று பதில் சொல்வார்கள். பதினைந்து பாட்டையும் மாற்றச் சொல்லவில்லையே. இரண்டு இடத்தைத் திறந்து வைக்கலாம். ஊருக்கு ஒரு பாட்டு என்று வைத்தால்கூடப் போதும். சட்டையில் ஊர்ப்பெயரைத் தைத்துப் போட்டுக்கொண்டு வருகிறவருக்கு அந்த ஊருக்கென்று ஒரு பாட்டு கொடுப்பது அதிகப்படியான வேண்டுகோளா?

பிரேக்கிங் பெஞ்சமின் கச்சேரிகளின் நடுவே பல ஆண்டுகள் ஒரு கதம்பம் வரும். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் இசை, டூல், நிர்வாணா, பாண்டெரா என்று பிறர் பாட்டுகளின் துண்டுகளைக் கோத்து வாசிப்பார்கள். முதல்முறை கேட்கும்போது உற்சாகம் பொங்கும். எங்கிருந்து வந்தோம் என்று தம் முன்னோர்களைக் கைகாட்டும் மரியாதையும் அதில் இருந்தது. ஆனால் அதையே சுற்றுக்குச் சுற்று, அதே வரிசையில், அதே வெட்டுகளோடு வாசித்தால் மரியாதை தேய்ந்து சடங்காகிவிடும். குழுவிடம் சொந்தமாக ஆறு தொகுப்புகள் இருக்கின்றன. அவற்றில் மேடையே காணாத நல்ல பாடல்கள் எத்தனையோ உண்டு. அந்த ஏழெட்டு நிமிடத்தை அவற்றுக்குக் கொடுத்திருக்கலாம்.

புதுப்பாட்டு வரத்தும் குறைந்துவிட்டது. 2018-ல் ‘எம்பர்’ தொகுப்பு வந்தது. 2020-ல் வந்த ‘அரோரா’வில் பழைய பாடல்களே வேறு உருவில் வந்தன, முற்றிலும் புதியது ஒன்றுதான். அடுத்து ‘அவேக்கன்’ என்ற புதுப்பாட்டு 2024-ல் வந்தது. மேடை சோறு போடும்போது ஸ்டூடியோவுக்குள் போக அவசரம் இருப்பதில்லை.

மேடையில் நிற்பவர்கள் யார் என்ற கேள்வி இன்னும் நுட்பமானது. 2011-ல் பர்ன்லி, கிட்டார் வாசித்த ஏரன் ஃபிங்கையும் பாஸ் வாசித்த மார்க் கிளெபாஸ்கியையும் நீக்கினார். பாட்டொன்றின் புதுக்கலவைக்கும் ஒரு தேர்ந்தெடுத்த பாடல் தொகுப்புக்கும் தம்மைக் கேட்காமல் இசைத்தட்டு நிறுவனத்துக்கு இசைவு தந்தார்கள் என்பது அவர் புகார். வழக்கு நடந்து 2013-ல் தீர்ந்தது. குழுவின் பெயர் பர்ன்லியிடம் நின்றது. 2014-ல் குழு மீண்டும் எழுந்தபோது அவரைத் தவிர நால்வரும் புதியவர்கள். வேறு ஊரில் இது வெறும் செய்தி. வில்க்ஸ்-பாரியில் அப்படி அல்ல. ஃபிங்கும் கிளெபாஸ்கியும் அதற்கு முன் லைஃபர் என்ற உள்ளூர்க் குழுவில் வாசித்தவர்கள். ஊர் அவர்களைப் பிள்ளைப் பருவத்திலிருந்து அறியும். புதியவர்கள் வாசிப்பில் குறை சொல்ல முடியாது. பின்குரலில் கீத் வாலனும் ஏரன் புருக்கும் பழைய அணியைவிடப் பலமானவர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் பாட்டை முதலில் வாசித்த கையின் சிறு தயக்கம், சிறு இழுப்பு என்று ஒன்று உண்டு. அதைப் படியெடுக்க முடியாது. சீதர் குழுவில் ஷான் மார்கனும் டேல் ஸ்டூவர்ட்டும் தொடக்க காலத்திலிருந்தும் ஜான் ஹம்ஃப்ரி 2003-லிருந்தும் சேர்ந்து வாசிக்கிறார்கள். அந்த மூவரிடம் கேட்கும் மூச்சொற்றுமைக்கும், திறமையாளர்கள் சரியாக வாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் காதும் உணரும்.

குரலைப் பற்றி நான் பலரோடு மாறுபடுகிறேன். வயதான பாடகர் பதிவில் பாடியதைவிட அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கிப் பாடினால் அதைத் தோல்வி என்று சிலர் சொல்கிறார்கள். இறக்கிப் பாடுவது நேர்மை. இறக்காமல், எட்டாத இடத்தில் பதிவுசெய்த குரலைக் கணினியிலிருந்து கலந்துவிடுவதுதான் வருத்தம் தருவது. நான் பார்த்த ஒரு குழுவின் பாடகர் (பெயர் வேண்டாம்) உச்ச இடத்தில் ஒலிவாங்கியை வாயிலிருந்து எடுத்த பிறகும் உச்சம் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற இளைஞர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்த உச்சத்தையும் என்னால் நம்ப முடியவில்லை.

அரங்கின் ஒலி தனிக்கதை. கான்கிரீட்டும் கண்ணாடியும் சூழ்ந்த ஹாக்கிக் கூடத்தில், தந்தியை இவ்வளவு கீழிறக்கி வாசிக்கும் கிட்டாரின் அடிநாதம் சுவரில் மோதித் திரும்பி, டிரம்மோடு கலந்து குழம்பாகிவிடும். பாதி அரங்குக்கு எந்தப் பாட்டு தொடங்குகிறது என்பதே சரணம் வந்த பிறகுதான் தெரியும். குழப்பத்தை வெல்ல ஒலியைக் கூட்டுகிறார்கள், அது குழப்பத்தையும் சேர்த்துக் கூட்டுகிறது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு அமைப்பின் கணக்குப்படி 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். கச்சேரி மூன்றரை மணி நேரம். காதடைப்பானை வாசலிலேயே கையில் கொடுக்கும் அரங்கம் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. தரையில் நிற்க விரும்புகிறவர் மேடைக்கு நேர் முன்னால் முண்டியடிக்காமல், ஒலிக்கலவை மேசைக்குச் சற்று முன்னால் நிற்பது நல்லது. கலவை செய்பவர் கேட்பதைத்தான் அங்கே நிற்பவரும் கேட்கிறார்.

பணம். 45 டாலர் என்று காட்டிய சீட்டு, பணம் கட்டும் பக்கத்தில் 60-ஐத் தாண்டிய அனுபவம் எனக்கு உண்டு. சேவைக் கட்டணம், அரங்கக் கட்டணம், செயலாக்கக் கட்டணம் என்று மூன்று வரிகள் இருந்தன. மூன்றும் என்ன சேவை என்று இன்றுவரை விளங்கவில்லை. இந்தச் சண்டையை முதலில் தொடங்கியவர்களும் கிரஞ்ச்காரர்கள்தான். சீட்டு 18 டாலர், கட்டணம் 1 டாலர் 80 சென்ட்டைத் தாண்டக்கூடாது என்று பேர்ல் ஜாம் நின்றது. 1994-ல் டிக்கெட்மாஸ்டர் மீது அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டது. அதன் கலைஞர்கள் இருவர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். 1995-ல் நீதித்துறை விசாரணையைக் கைவிட்டது. டிக்கெட்மாஸ்டர் இல்லாத அரங்கங்களைத் தேடி பேர்ல் ஜாம் அவ்வாண்டு வயோமிங்கின் கேஸ்பர் வரைக்கும் போய்ப் பாடியது. 2010-ல் லைவ் நேஷனும் டிக்கெட்மாஸ்டரும் ஒன்றாயின. 2024 மே மாதம் நீதித்துறை அந்த இணைப்பை எதிர்த்தே வழக்குத் தொடுத்தது. 2025 மே முதல், கட்டணம் சேர்த்த முழுத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. தொகை குறையவில்லை, ஒளிந்திருந்தது வெளியே வந்தது. போஸ்ட் கிரஞ்ச் குழுக்களில் பெரும்பாலானவை இந்தச் சண்டையில் வாய் திறக்காமல் இருந்துவிட்டன. மணிக்கூலி ரசிகர்களை நம்பி வாழும் குழுக்களுக்கு அந்த மௌனம் அழகல்ல.

ரசிகர் எங்கே போய் முறையிடுவது? 2002 டிசம்பரில் சிகாகோவுக்கு அருகே ரோஸ்மாண்டில் கிரீட் பாடிய கச்சேரி மோசமாக இருந்தது, பாடகர் பாடும் நிலையிலேயே இல்லை என்று சொல்லி நான்கு ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மட்டமாகப் பாடியதற்காகச் சீட்டுப் பணத்தைச் சட்டம் மீட்டுத் தராது. ஆகவே நேர்மையான திறனாய்வு ஒன்றுதான் இங்கே வழக்காடு மன்றம். அந்த மன்றத்தைப் பெருநகர விமரிசகர்கள் காலியாக விட்டுவிட்டார்கள் என்பதே என் வருத்தம். அதே கிரீட் 2024-ல் மீண்டும் சேர்ந்து வந்தபோது, கேலி பேசிய தலைமுறையின் பிள்ளைகளே சீட்டு வாங்கி நின்றார்கள். இந்த முறை குழுவும் தெளிவோடு பாடியது. இரண்டு கச்சேரிக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவது நியாயமல்ல.

கடைசியாக ரசிகர்களாகிய நம் பங்கு. குழு பழைய பாட்டுக்குள் ஒடுங்கிப்போனதற்கு நாமும் காரணம். புதுப்பாட்டு என்று பாடகர் அறிவித்ததும் தரையில் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறேன். ஒரு நிமிடத்துக்குள் நடைபாதை நிறைந்துவிடும். பீர் வாங்கவும் கழிப்பறைக்கும் சட்டைக் கடைக்கும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மேடையில் நிற்பவர்களுக்கு அது தெரியும். கைகள் இறங்குவதும் முதுகுகள் திரும்புவதும் அங்கிருந்து பார்த்தால் மிக நன்றாகத் தெரியும். மூன்று ஊரில் அப்படி நடந்தால் நாலாவது ஊரில் அந்தப் பாட்டு இருக்காது. அந்த இடத்தில் ஒரு பழைய பாட்டு வந்து உட்கார்ந்துவிடும்.

என் தீர்ப்பு இது: நீண்டகால போஸ்ட் கிரஞ்ச் குழுவைப் பார்க்கச் சரியான இடம் நடுத்தர நகரம்தான். பட்டியல் உறைந்து கிடந்தாலும், ஒலி குழம்பினாலும், கட்டணம் எரிச்சல் மூட்டினாலும் போகலாம், போகத்தான் வேண்டும். உங்கள் ஊருக்கு அப்படி ஒரு குழு வந்தால் காதடைப்பானை எடுத்துக்கொண்டு, முதல் குழு பாடுவதற்கு முன்பே உள்ளே போய்விடுங்கள். புதுப்பாட்டு என்று பாடகர் சொல்லும்போது மட்டும் தயவுசெய்து நின்ற இடத்திலேயே நில்லுங்கள். நான்கு நிமிடம்தான்.